கோதுமையை விட்டாச்சு, பாலும் பருப்பும் ஏன் பகையாச்சு?

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்துப் படித்தபோது, எல்லாரும் பேசி வைத்துக்கொண்டு எழுதினீர்களோ என்று தோன்றியது. கோதுமையை நிறுத்தினோம், நன்றாக இருந்தது, இப்போது வேறு எதையெதையோ சாப்பிட முடியவில்லை. முக்கால்வாசிக் கடிதங்களில் இதே பாட்டுத்தான். அதனால் சர்க்கரை, மூட்டுவலிக் கேள்விகள் அடுத்த மாதத்துக்குப் போகின்றன, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு இரண்டு வரி. கோதுமை, பார்லி, ரை மூன்றிலும் இருக்கிற புரதத்துக்குக் குளூட்டன் என்று பெயர். சீலியாக் நோய் இருப்பவர்களுக்கு அது உள்ளே போனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி சொந்தச் சிறுகுடலையே தாக்கும். சிகிச்சை என்பது குளூட்டனை ஆயுளுக்கும் விடுவதுதான். எனக்கு அந்த நோய் வந்து 12 ஆண்டு ஆகிறது. நான் மருத்துவர் கிடையாது, பட்டுத் தெரிந்துகொண்டதையும் என் உணவு ஆலோசகரிடம் நச்சரித்துக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, எனக்கு 34 வயது. ஐந்து மாதத்துக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை, எண்டோஸ்கோப்பி எல்லாம் எடுத்து சீலியாக் என்று உறுதி செய்தார்கள். அன்றிலிருந்து சப்பாத்தி, பிராட்டா, ரொட்டி, மீ நூடுல்ஸ் எதையும் தொடவில்லை. முதல் ஆறு வாரம் அவ்வளவு நிம்மதி. அப்புறம் தே (பால் கலந்த தேநீர்) குடித்தால் வயிறு உப்பியது, விட்டேன். பருப்பு சாப்பிட்டால் கல் மாதிரி இருந்தது, விட்டேன். வெங்காயம், முட்டை, கத்தரிக்காய், கடைசியாக மாம்பழம். இப்போது சோறு, ரசம், மீன் மூன்றும்தான் சாப்பாடு. அதிலும் சில நாள் வயிறு கலக்குகிறது. நான்கு கிலோ இறங்கிவிட்டேன். "நம்ம பக்கம் யாருக்கும் இல்லாத நோயா இருக்கே" என்கிறார் மாமியார். ஒன்றை விட்டால் மற்றதெல்லாம் ஒத்துக்காமல் போய்விடுமா?
- வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது ரசம். உங்கள் வீட்டுப் பெருங்காய டப்பாவை எடுத்துப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துவிட்டு வாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

கோதுமை மாவு என்றோ மைதா என்றோ போட்டிருக்கிறதா? நாம் கடையில் வாங்குவது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். சுத்தமான பெருங்காயம் ஒரு செடியின் வேரிலிருந்து வடிகிற பிசின், அதை அப்படியே போட்டால் நெடி தாங்காது, அதனால் மாவும் கோந்தும் கலந்து விற்கிறார்கள். சில டப்பாக்களில் அது அரிசி மாவு, பலவற்றில் கோதுமை. கட்டியாக இருந்தால் சுத்தம் என்றும் நம்ப வேண்டாம், கட்டியிலும் மாவு உண்டு. ஒரு சிட்டிகையில் என்ன இருந்துவிடப்போகிறது என்று எல்லாரும் கேட்பார்கள், நானும் கேட்டேன். கணக்கு இப்படி. ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம் குளூட்டனுக்குள் இருந்தால் பெரும்பாலான சீலியாக்காரர்களுக்குக் குடல் கெடுவதில்லை, தினமும் 50 மில்லிகிராம் போனால் கெடுகிறது என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு துண்டு ரொட்டியில் சுமார் 2 கிராம் குளூட்டன் இருக்கும். அதாவது அந்தத் துண்டை 200 பங்காகப் பிய்த்தால் ஒரு பங்குதான் உங்கள் ஒரு நாள் கணக்கு. இப்போது யோசியுங்கள், நம் சமையலில் பெருங்காயம் ரசத்தோடு நிற்கிறதா? சாம்பார், மோர், ஊறுகாய், இட்லிப் பொடி, அப்பளம் வரைக்கும் போகிறது.

எனக்கு இது தெரிய ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதமும் நான் கத்தரிக்காயைத் திட்டிக்கொண்டிருந்தேன். கத்தரிக்காய் போட்ட குழம்பு சாப்பிட்ட மறுநாள்தான் வயிறு சரியில்லாமல் போகும், அதனால் கத்தரிக்காய்தான் குற்றவாளி என்று தீர்மானித்து, தேக்கா மார்க்கெட்டில் அதைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வேன். உண்மையில் அந்தக் குழம்புக்கு மட்டும்தான் நான் பெருங்காயத்தைத் தாராளமாகப் போட்டுக்கொண்டிருந்தேன்! உங்கள் கத்தரிக்காய் என்ன பாவம் செய்ததோ, எனக்குத் தெரியாது, ஆனால் உடனே தண்டிக்காதீர்கள்.

முட்டையை எப்படிச் சாப்பிட்டீர்கள் என்று எழுதவில்லை. காப்பிக் கடையில் என்றால் எனக்கு இன்னொரு சந்தேகம். காயா ரொட்டியை விட்டுவிட்டு அரைவேக்காட்டு முட்டை மட்டும் வாங்கியிருப்பீர்கள், மேலே மிளகுத்தூளும் சோயா சாஸும் ஊற்றியிருப்பீர்கள். சாதாரண சோயா சாஸ் சோயாவோடு கோதுமையும் சேர்த்துப் புளிக்கவைத்தது. பழியை முட்டை வாங்கிக்கொண்டது. இதே சாஸ்தான் பீஹூன், குவே தியா நூடுல்ஸிலும் போகிறது, அவை அரிசியில் செய்தவை என்று நம்பிச் சாப்பிடுகிறோம். சைவக் கல்யாண விருந்தில் போடுகிற மட்டன் மாதிரி துண்டுகள் பலவும் கோதுமைப் புரதத்தையே பிசைந்து செய்தவை, அதாவது சுத்தக் குளூட்டன். சமோசா பொரித்த எண்ணெயில் பொரித்த வடை, ரவா தோசை வார்த்த கல்லில் வார்க்கிற சாதாத் தோசை, கோதுமை அரைத்த மில்லில் அரைத்த கேழ்வரகு மாவு, இவையும் அந்த வகைதான். வீட்டில் மற்றவர்கள் சப்பாத்தி சாப்பிடுகிறார்கள் என்றால் உங்களுக்குத் தனித் தோசைக்கல், தனிப் பலகை, தனி வடிகட்டி வேண்டும். மாமியாரிடம் இதைச் சொல்வது கஷ்டம்தான். சொல்லித்தான் ஆக வேண்டும்.

குளூட்டனை விட்ட பிறகும் வயிறு சரியாகாதவர்களைத் தோண்டிப் பார்த்தால் அடிக்கடி கிடைக்கிற காரணம் இப்படித் தெரியாமல் உள்ளே போகிற குளூட்டன்தான். அதனால் அடுத்த ஒரு மாதம் புதிதாக எதையும் விடாதீர்கள், இருக்கிறதைச் சலித்துப் பாருங்கள்.

சரி, பாலுக்கு வருவோம். இது உண்மையான ஒத்துக்காமையாக இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது, ஆனால் கோதுமை மாதிரி ஆயுள் தண்டனை இல்லை. சிறுகுடலின் உட்சுவரில் விரல் விரலாக நீட்டிக்கொண்டு நிற்கிற குடலுறிஞ்சிகள் உண்டு. பாலில் உள்ள லாக்டோஸ் என்கிற சர்க்கரையை உடைக்க வேண்டிய லாக்டேஸ் என்ற நொதி அந்த விரல்களின் நுனியில்தான் சுரக்கிறது. சீலியாக் முதலில் கருக்குவது அந்த நுனியை, கடைசியில் முளைப்பதும் அந்த நுனிதான். அதுவரை உடையாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய் அங்கே இருக்கிற கிருமிகளுக்கு விருந்தாகிறது, வாயு, உப்பல், பேதி. பெரியவர்களுக்குக் குடல் முழுக்க ஆற இரண்டு வருடம்கூட ஆகலாம், ஐந்து மாதம் ஒன்றுமே இல்லை. எனக்குத் தே திரும்பக் கிடைக்கப் பதினான்கு மாதம் ஆனது. அதுவரை பால் சேராத தே ஓதான். நம்மில் பலருக்கு, சீனர்களில் இன்னும் அதிகம் பேருக்கு, வளர்ந்த பிறகு லாக்டேஸ் இயல்பாகவே குறைந்துவிடுகிறது என்பதும் உண்மை. அப்படி இருந்தால் குடல் ஆறினாலும் முழு டம்ளர் பால் ஒத்துக்காமல் போகலாம், ஆனால் அப்படிப்பட்டவர்கள்கூடக் கொஞ்சம் பால் சேர்த்த தேயைப் பொதுவாகத் தாங்கிக்கொள்வார்கள். இடைக்காலத்தில் லாக்டோஸ் நீக்கிய பால் பேரங்காடியில் கிடைக்கிறது. நெய்யில் லாக்டோஸ் கிட்டத்தட்ட இல்லை. நன்றாகப் புளித்த தயிரில் பாலைவிடக் குறைவு, இரண்டு கரண்டி சாப்பிட்டுப் பாருங்கள்.

பருப்பும் வெங்காயமும் மாம்பழமும் இன்னொரு குடும்பம். பருப்பிலும் கொண்டைக்கடலையிலும் நம் குடலால் உடைக்கவே முடியாத ஒரு சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது, வெங்காயத்திலும் பூண்டிலும் ஃபிரக்டான் என்ற இன்னொன்று, மாம்பழத்தில் ஃபிரக்டோஸ் தூக்கல். ஆரோக்கியமான குடலுக்கும் இவை கொஞ்சம் வாயு கொடுக்கும், இல்லாவிட்டால் பருப்பைப் பற்றி நம் வீடுகளில் இத்தனை கேலி இருக்காது. புண்ணாகிக் கிடக்கிற குடலுக்கு அதே வாயு வலியாகத் தெரிகிறது. அப்படியானால் முன்பு ஏன் தெரியவில்லை என்று கேட்பீர்கள். முன்பு தினமும் எல்லாமே வலித்தது, வாணவேடிக்கை நடுவே ஊசிவெடிச் சத்தம் யாருக்குக் கேட்கும்? கோதுமை போய் வயிறு அமைதியான பிறகுதான் சின்னச் சத்தங்கள் காதில் விழுகின்றன. இன்னொன்று, ரொட்டிக்குப் பதிலாகக் குளூட்டன் இல்லாத பாக்கெட் ரொட்டி வாங்கினீர்களா? அவற்றில் சிலவற்றில் இனுலின், சோயா மாவு, கடலை மாவு, விதவிதமான கோந்துகள் சேர்த்திருப்பார்கள். இனுலினும் வெங்காயத்தில் இருக்கிற அதே ஃபிரக்டான் வகைதான்.

திரும்பக் கூப்பிடுகிற வரிசைக்கு வருகிறேன். முட்டை சாப்பிட்டு உதடு வீங்கியது, தடிப்பு வந்தது, மூச்சு முட்டியது என்றெல்லாம் எப்போதாவது நடந்திருந்தால் அது ஒவ்வாமை, வீட்டில் சோதிக்கக் கூடாது, மருத்துவரிடம் போக வேண்டும், மூச்சு முட்டினால் ஆம்புலன்ஸுக்கு 995. அப்படி எதுவும் இல்லையென்றால், பெருங்காயத்தையும் சாஸையும் மாற்றி நாலைந்து வாரம் போகட்டும். பிறகு முதலில் முட்டை, அவித்து, உப்பு மட்டும் போட்டு. அதில் மேலே சொன்ன சர்க்கரை எதுவும் இல்லை, அதனால் துணிந்து தொடங்கலாம். ஒரு நாள் பாதி, மறுநாள் ஒன்று, மூன்றாம் நாள் இரண்டு. இரண்டு மூன்று நாள் சும்மா இருங்கள். அப்புறம் கத்தரிக்காய், அதே கணக்கு. பிறகு தயிர். பிறகு பருப்பு, இரவு முழுக்க ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்து, முதலில் இரண்டு மேசைக்கரண்டி. வெங்காயம் கடைசி. அதுவரை வெங்காயத்தையும் பூண்டையும் எண்ணெயில் வதக்கி வாசனை இறங்கியதும் அரித்து எடுத்துவிடுங்கள், ஃபிரக்டான் தண்ணீரில்தான் கரையும், எண்ணெயில் கரையாது. குழம்பில் போட்டுக் கொதிக்கவிட்டுப் பொறுக்கி எடுத்தால் பிரயோஜனம் இல்லை, அது ஏற்கெனவே குழம்புக்குள் போயிருக்கும். வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியும் பெரும்பாலும் தொந்தரவு செய்யாது.

ஒரு நோட்டு போடுங்கள். சாப்பிட்ட நேரம், வயிறு பேசிய நேரம், அன்றைய தூக்கம், மாதவிலக்கு, மாமியாரோடு சண்டை போட்டீர்களா, எல்லாம். கடைசியாகச் சொன்னதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

நான்கு கிலோ இறங்கியதை மட்டும் நோட்டில் எழுதிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. உங்களைப் பார்க்கிற குடல் மருத்துவரிடம் சீக்கிரமாகவே போங்கள். ரத்தத்தில் சீலியாக் எதிர்ப்பொருள் அளவு இறங்கியிருக்கிறதா என்று ஆறு மாதத்தில் எப்படியும் பார்ப்பார்கள், அதோடு இரும்புச் சத்து, பி12, ஃபோலேட், வைட்டமின் டி, தைராய்டு பற்றியும் கேளுங்கள். அந்த எதிர்ப்பொருள் அளவு இறங்கிவிட்டது என்பதால் மட்டும் பெருங்காயத்தை விடுதலை செய்துவிடாதீர்கள், சின்னக் கசிவுகள் எல்லா நேரமும் அதில் தெரிந்துவிடுவதில்லை. குடலில் கிருமி அளவுக்கு மீறிப் பெருகுவது, கணையம் போதுமான அளவு சுரக்காதது என்று வேறு காரணங்களும் உண்டு, அவற்றை வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. உணவு ஆலோசகரைப் பார்க்கப் பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்குங்கள். சோறு, ரசம், மீன் மூன்றில் ஒரு பெண்பிள்ளை எத்தனை மாதம் ஓட்ட முடியும்?

மாமியார் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. இந்தியா முழுக்க நடந்த ஓர் ஆய்வு 2016ல் வெளியானது. வடக்கே நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேல், தெற்கே ஆயிரத்தில் ஒருவர். குறைவுதான், ஆனால் இல்லாமல் இல்லை. அந்த ஆயிரத்தில் ஒருத்தி நீங்கள், இன்னொரு ஆயிரத்தில் நான்.

கேள்வி: எனக்கும் சீலியாக். எல்லாமே ஒத்துக்காமல் போகிறதே என்று ஓரிடத்தில் 380 வெள்ளி கொடுத்து உணவு ஒத்துக்காமை ரத்தப் பரிசோதனை செய்தேன். 41 உணவுகள் சிவப்பில் வந்திருக்கின்றன. அரிசி, தேங்காய், மஞ்சள்கூட. இனி என்னதான் சாப்பிடுவது?
- வாசகர், புக்கிட் பாஞ்சாங்

பதில்: அண்ணே, அந்தத் தாளை மடித்து, ஆடுகிற மேசைக் காலுக்கு அடியில் வையுங்கள்.

தாளில் ஐஜிஜி (ரத்தத்தில் உள்ள ஒருவகை எதிர்ப்பொருள்) என்று போட்டிருக்கிறதா பாருங்கள். போட்டிருந்தால் அது அளப்பது நீங்கள் எந்த உணவை அடிக்கடி சாப்பிடுகிறீர்கள் என்பதைத்தான். தமிழர் ஒருவரின் ரத்தத்தில் அரிசியும் தேங்காயும் மஞ்சளும் சிவப்பில் வந்ததில் என்ன ஆச்சரியம்? ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர்கள் சங்கம் 2008லேயே இதை வைத்து உணவை ஒதுக்கக் கூடாது என்று எழுதிவிட்டது, 2012ல் கனடாவின் சங்கமும் அதையே சொன்னது. லாக்டோஸுக்கு மூச்சில் ஹைட்ரஜன் அளக்கிற சோதனை இருக்கிறது, ஒவ்வாமைக்கு ஐஜிஈ சோதனையும் தோல் சோதனையும் இருக்கின்றன, அவற்றையும் மருத்துவர் உங்கள் கதையைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுவார். மற்ற ஒத்துக்காமைகளுக்கு இன்றைக்கு இருக்கிற சோதனை, விட்டுப் பார்த்துத் திரும்பச் சாப்பிட்டுப் பார்ப்பதுதான், அதற்கு 380 வெள்ளி ஆகாது. அரிசியை விட்டுவிட்டீர்களோ என்று பயமாக இருக்கிறது. சீலியாக்காரருக்கு அரிசியும் போனால் தட்டில் என்ன மிச்சம்? இன்றைக்கே சோறு போட்டுச் சாப்பிடுங்கள்.

கேள்வி: நான் மருத்துவரைப் பார்க்கவில்லை. வயிறு உப்புகிறது என்று நானே எட்டு மாதத்துக்கு முன் கோதுமையை விட்டேன். 70 விழுக்காடு சரியாகிவிட்டது. ஆனால் இப்போது ஆப்பிள், காளான், காலிபிளவர், ராஜ்மா எல்லாமே தொந்தரவு. எனக்கும் சீலியாக்கா? அலுவலகத்தில் எந்நேரமும் சர்க்கரையில்லாப் புதினா மிட்டாய் போட்டுக்கொண்டிருப்பவன் நான், அதுவும் காரணமா?
- ஐடி ஊழியர், 29

பதில்: தம்பி, கடைசி வரியில் நீங்களே பாதி பதிலைச் சொல்லிவிட்டீர்கள்.

சர்க்கரையில்லா மிட்டாய் பலவற்றில் இனிப்புக்குச் சேர்ப்பது சார்பிட்டால் அல்லது அதன் உறவுக்காரர்கள். ஆப்பிளில் இயற்கையாகவே சார்பிட்டால் இருக்கிறது, காளானிலும் காலிபிளவரிலும் மானிட்டால். நம் ஊரில் 1992லிருந்து சுவிங்கம் விற்பனைக்குத் தடை இருப்பதால் அந்த வழியில் உள்ளே போகவேண்டியது உங்களுக்கு மிட்டாய் வழியாகப் போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். முதலில் அதை ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள்.

உங்கள் பட்டியலைப் பார்த்தால் குளூட்டனே உங்கள் எதிரிதானா என்று எனக்குச் சந்தேகம். கோதுமையில் குளூட்டன் மட்டும் இல்லை, ஃபிரக்டானும் இருக்கிறது. நார்வேயில் ஓர் ஆய்வு செய்தார்கள், 2018ல் வெளிவந்தது. சீலியாக் இல்லாமலே குளூட்டன் ஒத்துக்கவில்லை என்று தாங்களாகவே விட்டிருந்த 59 பேர். ஒரு வாரம் குளூட்டன் வைத்த தானியக் கட்டி (பார்), ஒரு வாரம் ஃபிரக்டான் வைத்த பார், ஒரு வாரம் இரண்டும் இல்லாத வெறும் பார், எது எது என்று சொல்லாமல் கொடுத்தார்கள். வயிற்றை அதிகம் கலக்கியது ஃபிரக்டான். குளூட்டன் வாரத்துக்கும் வெறும் பார் வாரத்துக்கும் பெரிய வித்தியாசமில்லை. கோதுமையை விட்டதும் 70 விழுக்காடு சரியானது ஃபிரக்டான் குறைந்ததால் இருக்கலாம். மிச்ச 30 வெங்காயத்திலும் ராஜ்மாவிலும் உங்கள் மிட்டாயிலும் இருக்கலாம். இந்தச் சர்க்கரைகளையெல்லாம் சேர்த்து ஃபோட்மேப் என்று பெயர் வைத்தவர்கள் மெல்பர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்துக்காரர்கள். இரண்டிலிருந்து ஆறு வாரம் குறைத்துப் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்பதுதான் அவர்கள் முறை. நம் ஆட்கள் முதல் பாதியை மட்டும் செய்துவிட்டு அதிலேயே இரண்டு வருடம் உட்கார்ந்துவிடுவார்கள்.

ஆனால் சீலியாக் இல்லை என்று ஊகத்தில் முடிவு கட்டக் கூடாது, சீலியாக் என்றால் தோசைக்கல் வரை மாற்ற வேண்டும், ஃபிரக்டான் என்றால் அவ்வளவு கெடுபிடி தேவையில்லை. சிக்கல் என்னவென்றால் குளூட்டனை விட்டுவிட்டுப் பரிசோதனை எடுத்தால் நோய் இருந்தாலும் இல்லை என்று வரலாம். மறுபடி தினமும் சில வாரம், பல இடங்களில் ஆறு வாரமாவது என்பார்கள், கோதுமை சாப்பிட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) விஷயத்தைச் சொல்லிக் குடல் மருத்துவருக்குக் கடிதம் வாங்குங்கள். கோதுமையைத் திரும்பத் தொடப் பயமாக இருந்தால் எச்எல்ஏ மரபணுச் சோதனை பற்றிக் கேளுங்கள், அதற்குக் கோதுமை சாப்பிடத் தேவையில்லை. டிகியூ2, டிகியூ8 என்ற மரபணு வகைகள் இரண்டும் இல்லையென்றால் சீலியாக்குக்கு அநேகமாக வாய்ப்பே இல்லை. இருந்தால் மட்டும் நோய் என்று அர்த்தமில்லை, நிறைய ஆரோக்கியமான ஆட்களுக்கும் அவை உண்டு.

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது, தொடக்கநிலை மூன்று. சீலியாக் என்று தெரிந்து 11 மாதம். பாலும் ஒத்துக்காததால் விட்டோம். பள்ளி விளையாட்டு நாளில் வண்டியில் வந்து ஊற்றித் தருகிற சாக்லேட் மால்ட் பானத்தை எல்லாரும் குடிக்கிறார்கள் என்று இவனும் குடித்துவிட்டான், இரவெல்லாம் வயிற்றுவலி. பால் இன்னும் சேரவில்லை என்றுதானே அர்த்தம்?
- அம்மா, செங்காங்

பதில்: பாலைக் குற்றம் சொல்லாதீர்கள் அம்மா. மால்ட் என்பது முளைகட்டிய பார்லி. பார்லியில் குளூட்டன் உண்டு. அந்தப் பானங்கள் எல்லாமே அவனுக்கு ஆகாது, லாக்டோஸ் இல்லாத பாலில் கலக்கிக் கொடுத்தாலும் ஆகாது. அந்த இரவை வைத்துப் பாலைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

குழந்தைகளின் குடல் பெரியவர்களைவிட வேகமாக ஆறும். 11 மாதம் ஒழுங்காக இருந்திருந்தால் வெறும் பாலைச் சோதித்துப் பார்க்க இது நல்ல நேரம். அடுத்த பரிசோதனையில் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, பள்ளி விடுமுறையில், சோறு சாப்பிட்ட பிறகு கால் டம்ளர். ஒன்றும் ஆகவில்லையென்றால் அடுத்த நாள் அரை டம்ளர். வெறும் வயிற்றில் வேண்டாம். இன்னும் சேரவில்லை என்றால் மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். நடுவில் கால்சியத்துக்கு முள்ளோடு நெத்திலி, கால்சியம் சேர்த்துச் செய்த தவ்ஹூ (சோயாக் கட்டி), சுத்தமாக அரைத்த கேழ்வரகு. அவனுக்கு அந்த வண்டிதான் முக்கியம் என்று எனக்குப் புரிகிறது. மால்ட் சேராத கொக்கோத் தூள் கிடைக்கிறது, உட்பொருள் பட்டியலைப் படித்து வாங்கி, விளையாட்டு நாளன்று குளிரக் குளிரக் கலக்கிப் பாட்டிலில் கொடுத்தனுப்புங்கள். ஆசிரியருக்கும் ஒரு சீட்டு எழுதிவிடுங்கள்.

கேள்வி: ஓட்ஸில் குளூட்டன் இல்லை என்கிறார்கள், ஆனால் எனக்கு ஒத்துக்கவில்லை.
- வாசகி, ஜூரோங்

பதில்: இரண்டு காரணம் இருக்கலாம். சாதாரண ஓட்ஸ் வயலிலும் ஆலையிலும் கோதுமையோடும் பார்லியோடும் கலந்துவிடுகிறது, குளூட்டன் இல்லாதது என்று அச்சிட்ட பாக்கெட்டைத்தான் வாங்க வேண்டும். கிலோவுக்கு 20 மில்லிகிராம் குளூட்டனைத் தாண்டாததுதான் அப்படிப் போட்டுக்கொள்ளலாம் என்பது அனைத்துலக உணவுத் தரம். அது சரியாக இருந்தும் ஒத்துக்கவில்லையென்றால், ஓட்ஸின் சொந்தப் புரதமான அவெனின் சில சீலியாக்காரர்களுக்கு ஆகாது, நீங்கள் அந்தச் சிலரில் ஒருவராக இருக்கலாம். விட்டுவிடுங்கள், போனால் போகட்டும். இடியாப்பமும் புட்டும் இருக்கிற ஊரில் ஓட்ஸுக்கு யார் அழுவது?

கேள்வி: தீபாவளிக்கு அத்தை வீட்டில் முறுக்கு சுடுவார்கள். அரிசி மாவு, உளுத்த மாவுதான், கோதுமையே கிடையாது. போன வருடம் சாப்பிட்டுவிட்டு மூன்று நாள் படுத்துவிட்டேன். உளுந்தும் ஒத்துக்காமல் போச்சா? சாப்பிடவில்லையென்றால் அத்தை வருத்தப்படுவார்.
- வாசகி, அங் மோ கியோ

பதில்: நீங்கள் இட்லி சாப்பிடுகிறீர்களா? சாப்பிட்டு நன்றாக இருக்கிறீர்கள் என்றால் உளுந்தை விட்டுவிடுங்கள், அதாவது சந்தேகப் பட்டியலிலிருந்து. மாவு புளிக்கும்போது உளுந்தின் வாயுச் சர்க்கரை ஓரளவு குறைந்துவிடும் என்பது உண்மைதான், ஆனால் நாலு முறுக்கில் இருக்கிற உளுந்துக்கு மூன்று நாள் படுக்கை அதிகம்.

முறுக்கு மாவில் அத்தை பெருங்காயம் போட்டிருப்பார். அரிசியை மில்லில் அரைக்கக் கொடுத்திருந்தால் உங்களுக்கு முன்னால் வந்தவர் என்ன அரைத்தார் என்று தெரியாது. அதே எண்ணெயில் முதலில் மைதா பிஸ்கோத்து பொரித்திருந்தால் அது மூன்றாவது. ஆகவே பாக்கெட் அரிசி மாவு, உளுந்தை வீட்டு மிக்சியில் பொடித்துக்கொள்ளலாம், புது எண்ணெய், முதல் ஈடு உங்களுக்கு, எடுத்துத் தனி டப்பாவில் மூடி வைத்துவிட வேண்டும். அத்தையிடம் போனில் சொன்னால் மறந்துவிடுவார், முறுக்கு சுடுகிற நாளன்று நீங்களே போய் உரலைப் பிடித்துப் பிழியுங்கள், அவருக்கும் கை வலி மிச்சம். போகும்போது அரிசி மாவு கலந்த பெருங்காய டப்பா ஒன்றையும் தீபாவளிப் பலகாரத் தட்டோடு வைத்துக் கொடுங்கள். என் அத்தைக்கு நான் அப்படித்தான் கொடுத்தேன். "சேலை எங்கேடி?" என்று கேட்டார். அடுத்த வருடம் இரண்டையும் கொடுத்தேன்.